தூணைத் தொட்டுப் பாத்தியா?

காயல்பட்டினம் போய்விட்டு வந்த அன்று ராத்திரி, நான் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளே கட்டிலில் இருந்து அப்பாவின் குரல் வந்தது. "ஏல, தூணைத் தொட்டுப் பாத்தியா?"

அப்பா கல்தச்சர். வயது 81. திருநெல்வேலி டவுணில் எங்கள் தெருவில் ஒரு காலத்தில் விடிந்ததும் உளிச் சத்தம்தான் முதலில் எழும். அவரோடு ஒரு மண்டபத்துக்குள் போனால் சாமி கும்பிடவே நேரமாகும். தூணின் தலையில் இருக்கும் போதிகையைப் பார்ப்பார், அதன் மேல் உத்தரம் எங்கே வந்து உட்காருகிறது என்று பார்ப்பார், கூரையில் பரப்பிய பாவுகல்லின் பொருத்தில் விரலை வைத்துத் தேய்ப்பார். கிருஷ்ணாபுரம் கோயிலுக்கு என்னைச் சின்ன வயதில் பலமுறை கூட்டிப்போயிருக்கிறார். ஊரே ரதி, மன்மதன் சிற்பங்களின் முன்னால் நிற்கும். நாங்கள் தூணின் அடியில் குந்தியிருப்போம். "மேல இருக்குறதைச் செஞ்சவன் பேரு வாங்கிட்டுப் போயிருவான். அடியைச் செஞ்சவன்தாம்ல பாரத்தைத் தாங்குதான்" என்பார்.

நான் உளி பிடிக்கவில்லை. டிராப்ட்ஸ்மேன் படித்துவிட்டு வீடுகளுக்கு பிளான் போட்டுப் பிழைக்கிறேன்.

அப்பா வாலிபத்தில் ஒரு தடவை காயல்பட்டினத்தில் பழைய பள்ளிவாசல் ஒன்றில் முறிந்துபோன பாவுகல்லை மாற்றும் வேலைக்குப் போனவர். பதினெட்டு நாள் வேலை. அந்தப் பதினெட்டு நாளைப் பற்றிப் பல வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கதையின் முடிவில் எப்போதும் ஒரே வரிதான்: "அந்தத் தூணு நம்ம தூணுல." நானும் தலையாட்டிவிட்டு வேலையைப் பார்ப்பேன். போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்துக்கு இஸ்லாமியக் கட்டடக்கலை என்று ஒரு சார்ட் ஒட்டினாள். தாஜ்மகால், சார்மினார், குதுப்மினார் மூன்றையும் ஒட்டி முடித்துவிட்டு, "நம்ம பக்கத்துல ஒண்ணும் இல்லையாப்பா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் திண்ணையிலிருந்து அப்பா சத்தம் போட்டார். "இல்லாம என்ன? உங்க அப்பனைக் காயலுக்குப் போயிட்டு வரச் சொல்லு."

சரி என்று திருச்செந்தூர் ரயிலில் ஏறினேன்.

பாளையங்கோட்டை, செய்துங்கநல்லூர், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத், குரும்பூர், ஆறுமுகநேரி. அந்தப் பாதையில் ஊர்ப்பெயர்களை வாசித்துக்கொண்டே போனால் போதும். பெருமாளும் ஆழ்வாரும் ஏசுவும் ஒரே தண்டவாளத்தில் வருவார்கள். ஜன்னலுக்கு வெளியே தாமிரபரணி நனைக்கிற வரைக்கும் நெல்லும் வாழையும். பிறகு மண் வெளுத்து, பனையும் உடையும் வந்து, காற்றில் உப்பு ஏறும்போது காயல்பட்டினம் வந்துவிட்டது என்று தெரியும். 1986-இல் மாவட்டத்தைப் பிரித்தபோது இந்தக் கடற்கரை தூத்துக்குடியோடு போனது. எங்கள் வீட்டுப் பேச்சில் இன்றைக்கும் அது திருநெல்வேலிச் சீமைதான்.

இந்தக் கரையின் கதையை ஆற்றிலிருந்து தொடங்க வேண்டும். தாமிரபரணி வண்டலைக் கொண்டுவந்து தள்ளத் தள்ளக் கடல் பின்வாங்கியது. துறைமுகமும் கடலைத் துரத்திக்கொண்டே இடம்பெயர்ந்தது. முதலில் கொற்கை. அது தூர்ந்தபின் பழையகாயல். அதுவும் தூர்ந்தபின் போர்ச்சுகீசியர் காலத்தில் புன்னைக்காயல். அதற்குத் தெற்கே கடலோரமாகக் காயல்பட்டினம். காயல் என்றால் கடலையொட்டித் தேங்கி நிற்கும் உப்பங்கழி. கெய்ரோவிலிருந்து வந்தவர்கள் குடியேறியதால் காஹிர்பட்டினம் என்று இருந்து அது காயல்பட்டினம் ஆனது என்று ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே வந்தார்கள் என்றும் சேர்த்துச் சொல்வார்கள். கெய்ரோ நகரமே 969-இல் கட்டியதுதான். எனக்கு உப்பங்கழி போதும்; பெயர் மண்ணிலிருந்தே வந்திருக்கிறது. கடல் வழியாக மனிதர்கள் வந்ததற்கு வேறு சாட்சிகள் நிறைய உண்டு.

13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ இந்தக் கரைக்கு வந்து "காயில்" என்ற பட்டினத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலம் அது. ஓர்முஸ், கிஷ், ஏடன், அரபு நாடு என்று மேற்கிலிருந்து வரும் கப்பல்களெல்லாம் குதிரைகளோடு இங்கேதான் வந்து நிற்கும் என்கிறார். ஊர்க்காரர்கள் எந்நேரமும் வெற்றிலை மென்றுகொண்டிருந்ததையும் விடாமல் எழுதிவைத்தார். அவர் சொன்ன ஊர் பழையகாயல்தான் என்பது கால்டுவெல் கணிப்பு. இடையன்குடியில் இருந்த அந்த பிஷப், கொற்கையிலும் பழையகாயலிலும் மண்ணைத் தோண்டிப் பார்த்தவர். சீனப் பீங்கான் துண்டுகள் அங்கே மண்ணில் சிதறிக் கிடந்ததை 1881-இல் வெளிவந்த திருநெல்வேலிச் சரித்திரத்தில் எழுதியிருக்கிறார்.

குதிரைக் கணக்கைப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப் கொடுக்கிறார். வருடத்துக்கு 10,000 குதிரை, ஒன்றுக்கு 220 தினார் செம்பொன். கணக்கு கொஞ்சம் கூடுதலாகக்கூட இருக்கட்டும். அடுத்து அவர் சொல்வதுதான் என்னை நிறுத்தி வைத்தது. அந்தப் பணம் கோயில் நிலங்களின் வருமானத்திலிருந்து போனதாம். யோசித்துப் பாருங்கள். கோயில் வயலில் விளைந்த நெல்லின் காசு குதிரைக்குப் போகிறது. குதிரை விற்றவர்கள் இந்தக் கரையில் தங்கிப் பெண் கட்டிப் பள்ளி எழுப்புகிறார்கள். பள்ளிக்குத் தூண் வேண்டும். தூண் செய்கிற கை இங்கே யாரிடம் இருந்தது? கோயிலுக்குச் செய்துகொண்டிருந்தவனிடம்தான்.

காயல்பட்டினத்தில் எனக்கு ஒரு காக்கா இருக்கிறார்; அண்ணனை அங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள். அவர் வீட்டு மாடிக்கு நான்தான் பிளான் போட்டேன். ஹாங்காங்கில் முப்பது வருடம் கல் வியாபாரம் செய்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். இங்கே கல் என்றால் மாணிக்கமும் நீலமும். எங்கள் வீட்டில் கல் என்றால் ஆறு பேர் சேர்ந்து புரட்டுவது. "வாங்க தம்பி, லுஹர் தொழுகை முடிஞ்சிட்டு. அஸருக்கு முன்னால போய்ப் பாத்துருவோம்" என்று கூட்டிப்போனார். ஜமாஅத்தில் முன்பே ஒரு வார்த்தை சொல்லி வைத்திருந்தார்.

வீதிகளுக்கு நடுவே ஆள் ஒருவர் போகுமளவுக்கு ஒடுங்கிய முடுக்குகள். பெண்கள் வீட்டுக்கு வீடு போய்வருகிற பாதை அது, ஆண்கள் அதில் நுழைவதில்லை. நாங்கள் தெருவழியாகவே சுற்றிப் போனோம். கல்யாணமானபின் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவதுதான் இந்த ஊர் வழக்கம் என்பதால் வீடுகள் பெண்மக்கள் கையில். அதைத் தனியாகவே எழுத வேண்டும்.

ஊரில் பழைய பள்ளிகள் பல. பெரிய குத்பா பள்ளி, சிறிய குத்பா பள்ளி, கடற்கரைப் பள்ளி என்று ஆரம்பித்தால் ஒரு நாள் போதாது. நாங்கள் அதிக நேரம் இருந்த பள்ளியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். அங்கே கண்ட குறை கோயில், பள்ளிவாசல் என்று வித்தியாசமில்லாமல் இந்தச் சீமை முழுக்க நடப்பது. ஒரு பெயரைச் சொன்னால் அவர்கள் மட்டும் செய்தது போல ஆகிவிடும்.

தொழுகைக்கு முன் கைகால் கழுவும் தொட்டியான ஹவுளில் கால் கழுவிவிட்டுப் படியேறினோம். வெயிலில் இருந்து உள்ளே போனதும் ஒரு நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. குளிர்ச்சிதான் முதலில் தெரிந்தது. பிறகு தூண்கள் ஒவ்வொன்றாக இருட்டிலிருந்து வெளியே வந்தன.

அப்பா சொன்னது சரி. அடியில் சதுரம், அதற்கு மேல் எண்பட்டை, மறுபடி சதுரம், மறுபடி பட்டை, தலையில் போதிகை. சதுரத்தின் முகத்தில் விரிந்த தாமரை. சதுரத்திலிருந்து பட்டைக்கு மாறும் மூலையில் கோயில் தூணில் நாகபந்தம் வரும், பாம்பு படம் எடுத்து நிற்கும். இங்கே பாம்பு இல்லை, யாளி இல்லை, கைகூப்பி நிற்கும் அடியார் இல்லை. உயிருள்ள எதையும் வடிக்கவில்லை. பூவும் கொடியும் மட்டும். சிற்பி தன் கையிருப்பில் பாதியைப் பெட்டியிலேயே பூட்டி வைத்துவிட்டு மீதியை வைத்தே வேலையை முடித்திருக்கிறான். அதனால் ஒன்றும் குறைந்துபோகவில்லை. பட்டைகளின் விளிம்பு ஓடுவது நன்றாகத் தெரிகிறது. கோயிலில் அதைப் பார்க்க விடாமல் சிற்பம் கண்ணை இழுத்துக்கொண்டிருக்கும்.

டிராப்ட்ஸ்மேன் புத்தி, கையோடு பேப்பரில் ஒரு தரைப்படம் போட்டேன். போடப் போடத்தான் ஒன்று புரிந்தது. கிழக்கு வாசல் கோயிலில் நாம் மேற்கு நோக்கி நடந்து சன்னதிக்குப் போகிறோம். இங்கேயும் கிழக்கிலிருந்து நுழைந்து மேற்கு நோக்கித்தான் நடக்கிறோம். மக்கா நேர் மேற்கு இல்லை. காயலிலிருந்து பார்த்தால் மேற்குக்கு வடக்கே சுமார் 24 டிகிரி. ஆனாலும் மண்டபத்தை எப்படித் திருப்பி நிறுத்துவது என்று தச்சனுக்குப் பெரிய குழப்பம் இருந்திருக்காது. அவன் கால் பழகிய திசைதான். மாறியது அகலம். கோயில் ஆழமாகப் போகும். ஒரு கருவறையை நோக்கி ஒடுங்கிக்கொண்டே போகும். பள்ளியில் மனிதர்கள் தோளோடு தோள் நிற்க வேண்டும், ஆகவே மண்டபம் பக்கவாட்டில் விரிகிறது. கருவறை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சுவர். சுவரில் மிஹ்ராப் என்கிற ஒரு மாடம். அதற்குள் எதுவும் இல்லை.

தூண்கள் இத்தனை நெருக்கமாக இருப்பதற்கும் காரணம் கல்தான். கல் அழுத்தத்தைத் தாங்கும், வளைவதைத் தாங்காது. உத்தரத்தை நீட்டிக்கொண்டே போனால் நடுவில் விரிசல் விட்டுவிடும். அதனால் ஆறடி, எட்டடிக்கு ஒரு தூண் நிறுத்தியே ஆகவேண்டும். போதிகை இரண்டு பக்கமும் கையை நீட்டி அந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைத்துக் கொடுக்கிறது. டெல்லியில் சாந்து வைத்து வளைவு கட்டினார்கள், கும்மட்டம் எழுப்பினார்கள். இங்கே கல்லும் பாவுகல்லும் தெரிந்த கைகள் இருந்தன. தட்டையான கூரை வந்தது. பாங்கு சொல்ல உயரமான மினாராவைக்கூடப் பழைய பள்ளிகள் தேடவில்லை.

"வர்றவங்க எல்லாரும் கோயில் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டுப் போறாங்க தம்பி" என்றார் காக்கா. பாராட்டாகச் சொல்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் குரலில் ஒரு வருத்தம் இருந்தது. எனக்கும் அந்தப் பேச்சு பிடிக்கவில்லை. அப்படிச் சொன்னால் தூண் முதலில் கோயிலுடையது, பள்ளி அதை இரவல் வாங்கியது என்று ஆகிறது. தூண் தச்சனுடையது. கோயில் கேட்டபோது கோயிலுக்குக் கொடுத்தான், பள்ளி கேட்டபோது பள்ளிக்குக் கொடுத்தான். தொழுகை, நோன்பு, பள்ளி என்று இந்த ஊர் மக்கள் வாயில் வரும் சொற்களைப் பாருங்கள். பள்ளி என்பது சமணரும் பௌத்தரும் இருந்த இடத்துக்கு வழங்கிய சொல். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கும் அதுதான். அந்தச் சொல்லை யாரிடமிருந்து யார் இரவல் வாங்கினார்கள் என்று யாரும் கேட்பதில்லையே. திருப்புல்லாணிக் கோயிலில் பாண்டியன் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப் பட்டினத்துச் "சோனகச் சாமந்தப் பள்ளி"க்கு விட்ட நிலத்தைப் பற்றிப் பேசுகிறது. சோனகர் என்றால் முஸ்லிம்கள். பெருமாள் கோயில் சுவரில் பள்ளிவாசல் மானியம். அன்றைக்கு அதை வெட்டியவன் கையும் தச்சன் கைதான்.

இதெல்லாம் மனசுக்குள் ஓடிக்கொண்டிருக்க, ஒரு தூணைத் தொட்டேன். விரல் வழுக்கியது. எனாமல் பெயிண்ட்.

பச்சை நிறத்தில் பளபளவென்று, தாமரையின் இதழ்களுக்கு நடுவே உள்ள பள்ளமெல்லாம் நிரம்பி, பட்டைகளின் கூர் மழுங்கி. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு டைல்ஸ் ஏறியிருந்தது. அப்பா சொல்வாரே, பாரத்தைத் தாங்குகிற அடி, அதைக் காணவில்லை.

ஒரு தூணின் பின்பக்கம் பத்து ரூபாய் நாணயம் அளவுக்குப் பெயிண்ட் பெயர்ந்திருந்தது. காக்கா சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தார். கல் பார்க்கிற லென்ஸ், பத்து மடங்கு பெரிதாக்குவது. வியாபாரத்தை விட்டுப் பல வருடமாகியும் பையை விட்டுப் போகவில்லை. கண்ணோடு ஒட்டிவைத்துக் குனிந்து எண்ணினார். "மேல பச்சை. அதுக்கடியில வெள்ளை. அப்புறம் நீலம். இன்னொரு பச்சை இருக்கு தம்பி, இது வெளிர். அப்புறம் மஞ்சக் காவி. அதுக்குக் கீழ எல்லாம் சுண்ணாம்புதான்." என்னிடம் கொடுத்தார். பாறையை வெட்டிய இடத்தில் மண்ணடுக்கு தெரியுமே, அப்படித் தெரிந்தது. சுண்ணாம்பு மட்டும் தாள் தாளாக எத்தனை அடுக்கோ. எல்லாவற்றுக்கும் நடுவில் ஓர் உளுந்து அளவுக்குக் கல்லின் கறுப்பு. வருடா வருடம் ரமலானுக்கு முன்னால் ஊர் சேர்ந்து வெள்ளையடித்த கைகள் அந்தத் தாள்களில் இருக்கின்றன. அதன் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. சுண்ணாம்பு மூச்சு விடும். கல்லுக்குள் இருக்கும் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். எனாமல் மூச்சை அடைத்துவிடும். கடற்காற்று கொண்டுவரும் உப்பு ஈரத்தோடு உள்ளே போய், வெளியே வர வழியில்லாமல் கல்லுக்குள்ளேயே பூத்து, மேல்தோலை உதிர்க்கும். 2023 டிசம்பரில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய ஊர் இது. அந்த ஈரம் சுவர்களை விட்டு லேசில் போயிருக்காது.

கோபம் வந்தது. ஆனால் இதே கோபத்தோடு நான் எங்கள் பக்கத்துக் கோயில் ஒன்றிலும் நின்றிருக்கிறேன். கும்பாபிஷேகத்துக்கு முன்னால் தூண்களைச் சுத்தம் செய்கிறோம் என்று கம்ப்ரசர் வைத்து மணலை வீசி அடித்தார்கள். இரண்டே நாளில் தூண்களெல்லாம் புதுசு போல ஆகிவிட்டன. உளித்தடம் அத்தனையும் போயிற்று. கல்லைப் பொளிந்த தச்சன் எந்தப் பக்கமிருந்து அடித்தான், இடது கைக்காரனா, நிதானமாகச் செய்தானா, அவசரமாக முடித்தானா, எல்லாமே அந்தத் தடத்தில் இருந்தது. கல்வெட்டில் ராஜா பேர் இருக்கும். தச்சன் விட்டுப்போவது தடம் மட்டும்தான். அப்பா அன்றைக்கு மண்டபத்தில் உட்கார்ந்து வேட்டித் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மணலடித்த பையன் பயந்துபோய், "தாத்தா, தண்ணி குடிக்கியளா?" என்று கேட்டான்.

இதைக் காக்காவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கமிட்டிக் கூட்டத்துல நீங்க வந்து சொல்வியளா? நாங்க அழகு பண்ணுறதா நெனைச்சுத்தான் செஞ்சோம்" என்றார். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். என்ன சொல்ல வேண்டும் என்பதையும் முடிவு செய்துவிட்டேன்: புதிதாக எனாமல் அடிக்க வேண்டாம், சுண்ணாம்புக்குத் திரும்பலாம். இருக்கிற பெயிண்டை மெஷின் வைத்து உரிக்க வேண்டாம். அது மணலடித்த கதையாகிவிடும். தெரிந்தவர்களைக் கூட்டிவந்து ஒரே ஒரு தூணில், கண்ணுக்குத் தெரியாத மூலையில், பொறுமையாகச் செய்து பார்க்கலாம். தூணடி டைல்ஸைக் கழற்றிவிடலாம்.

வெளியே மையவாடியில், அடக்கம் செய்யும் இடத்தில், தலைமாட்டில் நடும் மீசான் கற்கள் வரிசையாக நின்றன. சிலவற்றில் அரபி எழுத்து பூங்கொடி போல ஓடுகிறது. இந்த ஊரில் பிறந்தவர்தான் சதக்கத்துல்லா அப்பா, 17-ஆம் நூற்றாண்டின் பெரிய அரபிக் கவிஞர், அடக்கம் கீழக்கரையில். பாளையங்கோட்டைக் கல்லூரிக்கு அவர் பெயர்தான் என்பது அந்த வழியாகத் தினமும் பஸ்ஸில் போகிற பலருக்குத் தெரியாது. அந்தக் கற்களுக்கு இதுவரை யாரும் பெயிண்ட் அடிக்கவில்லை. வெயிலும் மழையும் பட்டு, எழுத்தின் ஓரங்களில் பாசி காய்ந்து நிற்கிறது. அங்கேதான் என் விரலுக்குக் கல் கிடைத்தது.

அஸர் பாங்கு கேட்டது. காக்கா தொழுகைக்குப் போனார். நான் வெளித் திண்ணையில் இருந்தேன். பள்ளிக்குள் ஆட்கள் வந்து வரிசையாக நின்றதும் இவ்வளவு நேரம் நான் போட்டுக்கொண்டிருந்த தரைப்படம் உயிரோடு எழுந்து நின்றது. தூணுக்குத் தூண் இடைவெளி, தோளுக்குத் தோள் அளவு. எல்லோரும் ஒன்றாகக் குனிந்தபோது தூண்கள் மட்டும் நின்றன.

தொழுதுவிட்டு வந்து அவர் வீட்டில் இறால் வாடாவும் இஞ்சி டீயும் கொடுத்தார். கடைசி ரயிலுக்கு அவரே மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்து விட்டார்.

வீட்டில் அப்பா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து போனை வாங்கிக்கொண்டார். படங்களைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து, விரலால் பெரிதாக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்தார். போதிகை வந்ததும் நிறுத்தினார். "இதுதான். நான் மாத்துன கல்லு இதுக்குத் தெக்க, ரெண்டாவது பத்தி." பிறகு பச்சைத் தூண்கள் வந்தன. ஒன்றும் பேசவில்லை. பெயிண்ட் பெயர்ந்த அந்த இடத்தின் படத்தில் ரொம்ப நேரம் நின்றார்.

"என்ன கல்லுல இது? கருங்கல்லா, கடற்கல்லா?"

"தெரியலப்பா. உளுந்து அளவுதான் தெரியுது."

"எண்பட்டையில பெயிண்ட் மெலிசா இருக்குற எடமா பாரு. அடுத்த தடவை டார்ச் லைட்டைக் கொண்டு போ. நேரா அடிக்காத. தூணோட ஒட்டி, பக்கவாட்டுல இருந்து அடி. எத்தனை பூச்சு பூசியிருந்தாலும் உளி போன எடம் நெழல் காட்டும்."

போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் படுத்தார். விளக்கை அணைக்கப் போனேன்.

"ஏல, அந்தக் கமிட்டிக் கூட்டம் என்னைக்கு?"

"வெள்ளிக்கிழமை, ஜும்மா முடிஞ்சு."

"நானும் வாரேன்."